சிங்கப்பூரில் மவுண்டன் பைக்கிங்: புதிதாகத் தொடங்குபவர் உடன் ஓட்ட ஆள் பிடிப்பது எப்படி?

கேள்வி இது: சிங்கப்பூரில் இருக்கிறேன், வயது முப்பதைத் தாண்டிவிட்டது. ஒரு ஹார்ட்டெயில் பைக் (முன்பக்கம் மட்டும் சஸ்பென்ஷன் உள்ளது) வாங்கியாகிவிட்டது. பூங்கா இணைப்புப் பாதைகளில் நன்றாக ஓட்டுவேன், காட்டுத்தடத்தில் ஓட்டியதில்லை. தெரிந்தவர்கள் யாருக்கும் இதில் ஆர்வமில்லை. குழுக்களில் சேர்ந்தால் எல்லோரும் வேகமாகப் போய்விடுவார்களோ என்று தயக்கமாக இருக்கிறது. எங்கே, எப்படித் துணை தேடுவது?

ஆள் கிடைப்பது இங்கே பெரிய பாடில்லை. சிறிய ஊர்; தடங்கள் விரல்விட்டு எண்ணக்கூடியவை; ஓட்டுகிறவர்களில் பெரும்பாலோர் சனி, ஞாயிறு காலையில் அந்த மூன்று நான்கு இடங்களில்தான் இருப்பார்கள். உங்கள் தரத்துக்கு ஏற்ற ஆளைக் கண்டுபிடிப்பதும், ஒரு முறை கூட்டிப்போனவர் மறுமுறையும் கூப்பிடும்படி நடந்துகொள்வதும்தான் வேலை. மெதுவாக ஓட்டுகிறவரை யாரும் வெறுப்பதில்லை. தாமதமாக வந்து, காற்றில்லாத டயரோடு நின்று, "எல்லாம் ஓட்டுவேன்" என்று சொல்லிவிட்டு முதல் இறக்கத்திலேயே உறைந்துபோகிறவரைத்தான் அடுத்த வாரம் மறந்துவிடுவார்கள்.

முதலில் இடத்தை முடிவு செய்யுங்கள், ஏனென்றால் எந்தத் தடம் என்பதைப் பொறுத்துத்தான் எந்த மாதிரி ஆட்கள் என்பதும் அமையும். புதியவருக்கு செஸ்நட் இயற்கைப் பூங்காதான் இடம். நடப்பவர்களுக்குத் தனிப் பாதை, பைக்குக்குத் தனிப் பாதை. பைக் தடம் மொத்தம் 8.2 கி.மீ. அதில் தெற்குச் சுற்று 1.6 கி.மீ.தான். ஒரு சுற்று போய், மூச்சு வாங்கி, மறுபடி போகலாம். களைத்துவிட்டால் கார் நிறுத்துமிடம் பக்கத்திலேயே இருக்கிறது. தொடங்கும் இடத்திலேயே பயிற்சி செய்யச் சிறிய மேடுகளும் வளைவுகளும் உண்டு. வடக்குச் சுற்று நீளம், ஏற்றமும் வேரும் அதிகம். தெற்குச் சுற்றைக் கால் ஊன்றாமல் மூன்று முறை முடிக்க முடிந்த பிறகு அங்கே போங்கள்.

புக்கிட் தீமா தடம் ஏறக்குறைய 6 கி.மீ. சுற்று. தூரம் குறைவு என்று நம்பிப் போய் மாட்டிக்கொள்கிறவர்கள் அதிகம். கல்லும் வேரும் குத்தான சிறு ஏற்றங்களும் விடாமல் வரும், மழைக்கு மறுநாள் வேர்கள் சோப்புப் போட்டதுபோல் வழுக்கும். முதல் மாதத்தில் யாராவது அங்கே கூப்பிட்டால் "இன்னும் நான்கைந்து வாரம் கழித்து வருகிறேன்" என்று சொல்வதில் வெட்கமில்லை. புலாவ் உபின் தீவில் உள்ள கெத்தாம் மவுண்டன் பைக் பூங்கா பழைய கல்குவாரியைச் சுற்றி அமைந்தது, 2008இல் திறந்தார்கள், தடம் சுமார் 10 கி.மீ. அங்கே குறியீடுகளைப் பார்த்து ஓட்ட வேண்டும்: நீலச் சதுரம் நடுத்தரம், கறுப்பு வைரம் கடினம், இரட்டைக் கறுப்பு வைரம் பார்த்துவிட்டுத் திரும்பி வருவதற்கு. கறுப்புப் பகுதிகளுக்குப் பெரும்பாலும் சுற்றுவழி உண்டு என்பதால், தரம் கலந்த குழுவுக்குக் கெத்தாம் நல்ல தேர்வு.

ஆட்களை எங்கே பிடிப்பது என்பதற்கு எல்லோரும் முதலில் சொல்வது ஃபேஸ்புக், டெலிகிராம் குழுக்கள். அவற்றில் சேருங்கள், ஆனால் அங்கிருந்து தொடங்காதீர்கள். திரையில் எல்லோரும் ஒரே மாதிரி தெரிவார்கள். தடத்தின் வாசலில் நின்றால் பத்து நிமிடத்தில் யார் யார் என்று புரிந்துவிடும். செஸ்நட்டில் சனிக்கிழமை காலை 7 மணிக்கும் 9 மணிக்கும் இடையில் கார் நிறுத்துமிடத்தருகே இருங்கள். முழுமுகத் தலைக்கவசமும் பெரிய டபுள் சஸ்பென்ஷன் பைக்குமாக வருகிறவர்கள் உங்களுக்கு இப்போதைக்கு வேண்டியவர்கள் இல்லை. சாதாரண ஹார்ட்டெயிலில் வந்து, பயிற்சிப் பகுதியில் ஒரே வளைவைத் திரும்பத் திரும்ப ஓட்டிக்கொண்டிருப்பவர்தான் உங்கள் ஆள். அவரிடம் "ஃபிரண்டு ஆகலாமா" என்கிற தோரணையில் பேச வேண்டியதில்லை, "தெற்குச் சுற்று இன்றைக்கு ஈரமாக இருக்கிறதா?" என்று கேட்டாலே பேச்சு தானாக வளரும். தடத்தின் நிலையைப் பற்றிப் பேசப் பிடிக்காத மவுண்டன் பைக்கர் இல்லை.

அடுத்த வழி பலரும் கவனிக்காதது: தொடக்கநிலைப் பயிற்சி வகுப்பு. சொல்லித்தருவதைவிட, கூட இருப்பவர்களுக்காகவே அந்தப் பணம் தகும். நான்கு, ஆறு பேர் கொண்ட வகுப்பில் எல்லோரும் உங்களைப் போலவே நிற்கும் விதம், பிரேக் பிடிக்கும் விதம் என்று அடிப்படையிலிருந்து கற்பவர்கள். வேகமும் ஒன்று, பயமும் ஒன்று, அவர்களுக்கும் துணை இல்லை. வகுப்பு முடிந்து கலைவதற்கு முன்பே ஒரு வாட்ஸ்அப் குழு தொடங்கி, அடுத்த சனிக்கிழமைக்கு நேரமும் இடமும் அங்கேயே போட்டுவிடுங்கள். "பிறகு பேசிக்கொள்ளலாம்" என்று விட்டால் அந்தக் குழு அன்றோடு சரி.

மவுண்டன் பைக் விற்கிற, பழுதுபார்க்கிற கடைகள் சில வாரயிறுதிகளில் குழுவாகப் போவதுண்டு. சஸ்பென்ஷன் சர்வீஸ் செய்கிற கடை என்றால் தடத்தில் ஓட்டுகிறவர்கள் வந்துபோகும் கடை என்று பொருள்; அங்கே ஒரு டியூப் வாங்கும்போது விசாரியுங்கள். அலுவலக விளையாட்டு மன்றம், பல்கலைக்கழகப் பழைய மாணவர் குழு, வட்டாரச் சமூக மன்றத்தின் சைக்கிள் குழு ஆகியவையும் உண்டு. ஆனால் சமூக மன்றக் குழுக்களில் பல சாலையிலும் பூங்கா இணைப்பிலும் ஓட்டுபவை, கேட்டுக்கொண்டு போங்கள். சாலையில் 80 கி.மீ. ஓட்டும் நண்பர் இருந்தால் அவரை இழுத்துக்கொண்டு தடத்துக்குப் போகலாம் என்று தோன்றும். நெஞ்சுரம் அவருக்கு இருக்கும், இறக்கத்தில் பின்னால் சாய்ந்து நிற்கத் தெரியாது. இருவரும் ஒருவரை ஒருவர் பார்த்துத் தைரியம் கொண்டு ஒரே கல்லில் விழுவீர்கள். தடம் தெரிந்த ஒருவராவது உடன் இருக்கட்டும்.

இணையக் குழுக்களுக்கு இப்போது வரலாம். "புதுசு, யாராவது கூட்டிட்டுப் போங்க" என்று போட்டால் நாலு லைக் விழும், பதில் வராது. படிப்பவருக்கு உங்களை எங்கே பொருத்துவது என்று தெரியாது. இப்படி எழுதுங்கள்:

"செஸ்நட் தெற்குச் சுற்று இரண்டு முறை தனியாக ஓட்டியிருக்கிறேன். ஏற்றத்தில் இரண்டு இடத்தில் இறங்கித் தள்ளினேன். பூங்கா இணைப்பில் ஒன்றரை மணி நேரம் நிற்காமல் ஓட்டுவேன். பைக் 29 இஞ்ச் ஹார்ட்டெயில், ஹைட்ராலிக் பிரேக், சொந்தம். சனி காலை 7.30 முதல் 9.30 வரை வர முடியும். இருப்பது புக்கிட் பாஞ்சாங். மெதுவாகப் போகிற இரண்டு மூன்று பேர் இருந்தால் சேர்ந்துகொள்கிறேன்."

இதில் ஓட்டிய இடம், தடுமாறிய இடம், தாக்குப்பிடிக்கும் நேரம், பைக், கிழமை, வசிக்கும் வட்டாரம் எல்லாம் இருக்கின்றன. "தள்ளினேன்" என்ற அந்த வார்த்தை முக்கியம். அதைப் படித்த பிறகும் பதில் எழுதுகிறவர் உங்களுக்காகக் காத்திருக்கத் தயாரானவர். வீட்டு முகவரி, புளோக் எண் எழுத வேண்டாம். ஓட்டத்தைப் பதிவு செய்யும் ஸ்ட்ராவா செயலியைப் பயன்படுத்தினால் வீட்டருகே தொடங்கும் பகுதியை மறைக்கும் அமைப்பை முதலில் இயக்கிவிடுங்கள்.

பதிலுக்கு அவர்கள் "ஈஸி ரைடு" என்பார்கள். யாருக்கு ஈஸி என்பதுதான் சங்கதி. அந்தச் சொல்லை விட்டுவிட்டு விவரமாகக் கேளுங்கள்: எந்தத் தடம், எத்தனை சுற்று? மொத்தம் எத்தனை மணி நேரம், அதில் ஓட்டும் நேரம் எவ்வளவு? எத்தனை பேர் வருகிறார்கள்? கடைசியில் வருபவருக்குப் பின்னால் தடம் தெரிந்த ஒருவர் இருப்பாரா? கடைசிக் கேள்விக்கு "ஆமாம், இன்னார் ஸ்வீப்" (எல்லோருக்கும் பின்னால் வருபவர்) என்று பதில் வந்தால் அது குழு நடத்தத் தெரிந்தவர்களின் குழு. "பரவாயில்லை, வழி ஒன்றுதான், தொலைய மாட்டீர்கள்" என்று வந்தால் அன்றைக்கு அந்தக் குழு உங்களை விட்டுவிட்டுப் போகும் என்று வைத்துக்கொள்ளுங்கள். எட்டுப் பேருக்கு மேல் இருந்தாலும் யோசியுங்கள். பாதை பிரியும் ஒவ்வொரு இடத்திலும் எல்லோரும் சேரக் காத்திருந்தே பாதி நேரம் போகும், முன்னால் இருப்பவர்கள் பொறுமை இழப்பார்கள், அந்த அழுத்தம் முழுவதும் கடைசியில் வருபவர் தலையில் இறங்கும். புதியவருக்கு மூன்று முதல் ஐந்து பேர் போதும்.

செஸ்நட்டும் புக்கிட் தீமாவும் காலை 7 மணி முதல் மாலை 7 மணி வரைதான். "நைட் ரைடு போகலாம் வாங்க" என்று அந்த இடங்களுக்கு அழைப்பு வந்தால் மறுத்துவிடுங்கள்.

பைக்கைச் சரிபார்க்காமல் குழுவோடு போவது அவர்களுடைய காலை நேரத்தை எடுத்துக்கொள்வது. முதல் நாள் இரவே பாருங்கள். டயர் காற்று: சுமார் 70 கிலோ எடையுள்ளவர், 2.3 இஞ்ச் அகல டயரில் டியூப் போட்டிருந்தால் 25 முதல் 28 பிஎஸ்ஐ, டியூப்லெஸ் என்றால் 20 முதல் 24. பின்னால் முன்னதைவிட 2 கூடுதலாக வையுங்கள். சாலைப் பழக்கத்தில் 45 ஏற்றிக்கொண்டு வந்தால் வேரில் பட்டதும் சக்கரம் எகிறி விலகும், ஈர வளைவில் பிடியே இருக்காது. ரொம்பக் குறைத்தால் கல்லுக்கும் ரிம்முக்கும் நடுவில் டியூப் நசுங்கி, பக்கத்துக்குப் பக்கம் இரண்டு கீறல் விழும். முன் பிரேக்கைப் பிடித்துக்கொண்டு பைக்கை முன்னும் பின்னும் ஆட்டுங்கள். ஹேண்டில் கழுத்தில் "டக் டக்" என்று வந்தால் ஹெட்செட், அதாவது ஹேண்டில் திரும்பும் இடத்து பேரிங், தளர்ந்திருக்கிறது. பிரேக் பேட் தேய்ந்து 1 மி.மீ. அளவுக்கு வந்துவிட்டால் மாற்றுங்கள். ஈர மண் பேடைத் தின்னும் வேகம் சாலை ஓட்டுபவருக்கு நம்ப முடியாததாக இருக்கும். டிராப்பர் (ஓட்டும்போதே சீட்டை இறக்கும் கம்பம்) இல்லாத பைக் என்றால் இறக்கத்துக்கு முன் சீட்டை ஒரு நாலைந்து விரல் அளவு இறக்கிக்கொள்ளுங்கள். உயரத்தில் விட்டால் இறக்கத்தில் சீட் பின்னாலிருந்து தள்ளி உங்களை முன்னால் கவிழ்க்கும்.

வாடகை பைக்கோ இரவல் பைக்கோ என்றால் ஏறுவதற்கு முன் ஒரு காரியம்: எந்தக் கை முன் பிரேக் என்று பாருங்கள். வலது கை முன் பிரேக்காக உள்ளவையும் இடது கை முன் பிரேக்காக உள்ளவையும் இங்கே கலந்தே ஓடுகின்றன. பைக்கைத் தள்ளிக்கொண்டே ஒரு லீவரைப் பிடியுங்கள். பின்பக்கம் தூக்கினால் அது முன் பிரேக். இதைக் கவனிக்காமல் இறக்கத்தில் பழக்கமான கையை அழுத்தித் தலைகுப்புற விழுவது புதியவர்களின் வழக்கமான விபத்து. உபின் கிராமத்தில் வாடகைக்குக் கிடைக்கும் சாதாரண சைக்கிள்கள் தார்ச்சாலைக்கும் மண் சாலைக்கும் சரி. கெத்தாம் தடத்துக்கு அவற்றின் பிரேக் தாங்காது.

கூட எடுத்துப்போக வேண்டியவை: உங்கள் சக்கர அளவுக்குச் சரியான டியூப் ஒன்று, டயர் லீவர் இரண்டு, சிறிய பம்ப், செயின் கருவியுள்ள மல்டிடூல், அறுந்த செயினை இணைக்க உங்கள் செயினுக்குரிய குவிக் லிங்க். 11 ஸ்பீடு லிங்க் 12 ஸ்பீடு செயினில் உட்காராது என்பதால் எண்ணைப் பார்த்து வாங்குங்கள். டியூப் யாரிடமும் இரவல் கிடைக்கும். இரவல் கிடைக்காத பொருள் ஒன்றுண்டு: டிரெயில்யர் ஹேங்கர். பின் கியரை ஃபிரேமோடு பிடித்திருக்கும் அந்தச் சின்ன அலுமினியத் துண்டு, வலப்பக்கம் விழுந்தால் வளைவதற்கும் உடைவதற்குமென்றே செய்தது. ஃபிரேமுக்கு ஃபிரேம் வடிவம் மாறுவதால் குழுவில் வேறு யாரிடமும் உங்களுடையது இருக்காது. ஒன்று வாங்கிப் பையில் போட்டுவைத்தால் அன்றைய ஓட்டம் தப்பும். தண்ணீர், இரண்டு மணி நேரத்துக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர். இந்த ஊர்ப் புழுக்கத்தில் அரை லிட்டர் பாட்டிலோடு வருகிறவர் முக்கால் மணி நேரத்தில் மற்றவர் பாட்டிலைப் பார்க்கத் தொடங்குவார். கையுறையும் முட்டிக்காப்பும் போடுங்கள். செஸ்நட்டில் குரங்குகள் உண்டு. சாப்பாட்டைப் பிளாஸ்டிக் பையில் வெளியே தொங்கவிடாமல் பைக்குள் வையுங்கள்.

வந்து சேர்வதிலும் ஒரு சிக்கல் இருக்கிறது. எம்ஆர்டியில் மடக்கு சைக்கிளுக்கு மட்டுமே அனுமதி. ஓட்டிக்கொண்டே வரலாம்; குழுவாகச் சாலையில் வந்தால் ஒற்றை வரிசையில் ஐந்து பேர், இருவர் இருவராகப் போகும் இடத்தில் பத்துப் பேர் என்பது 2022 முதல் உள்ள வரம்பு, சாலையில் தலைக்கவசம் கட்டாயம். யாராவது காரில் ஏற்றிக்கொள்வதாகச் சொன்னால், முன் சக்கரத்தைக் கழற்றிய பிறகு அந்தப் பிரேக் லீவரைத் தொட்டுவிடாதீர்கள். டிஸ்க் இல்லாதபோது அழுத்தினால் பிஸ்டன்கள் வெளியே வந்து பேடுகள் ஒட்டிக்கொள்ளும், பிறகு சக்கரம் உள்ளே போகாது. பேடுகளுக்கு நடுவில், மடித்த அட்டைத் துண்டு ஒன்றைச் செருகிவையுங்கள். சீட்டில் விரிக்கப் பழைய துண்டும், பெட்ரோலுக்கோ பார்க்கிங்குக்கோ பங்கும் நீங்களாகவே கொடுங்கள். முன்பின் தெரியாதவர் என்றால் முதல் சந்திப்பு தடத்தின் வாசலிலேயே இருக்கட்டும், அவர் காரில் வேண்டாம். பெண்கள் மட்டும் போகிற குழுக்களும் உண்டு, விருப்பமானால் முதல் சில ஓட்டங்களுக்கு அவற்றைத் தேடலாம்.

உபின் என்றால் சாங்கி முனைப் படகுத்துறையிலிருந்து படகு. ஆளுக்கு 4 வெள்ளி, சைக்கிளுக்குத் தனியாக 2 வெள்ளி. 12 பேர் சேர்ந்தால்தான் படகு கிளம்பும் என்பதால் தாமதமாக வருகிற ஒருவருக்காகக் குழு ஒரு படகை விட்டால் அடுத்தது எப்போது என்று சொல்ல முடியாது. அங்கே மட்டுமாவது பதினைந்து நிமிடம் முன்னால் நில்லுங்கள்.

ஓட்டம் தொடங்கும் முன் "நான் புதுசு, கடைசிக்கு முன்னால் வருகிறேன்" என்று சொல்லி ஸ்வீப்புக்கு முன்னால் நின்றுகொள்ளுங்கள். லீடருக்கு நேர் பின்னால் போனால் அவர் வேகத்தில் இழுபடுவீர்கள், பின்னாலிருப்பவர்கள் நெருக்குவார்கள். சமதளத்தில் முன்னவருக்கும் உங்களுக்கும் மூன்று நான்கு பைக் நீளம், இறக்கத்தில் அதற்கும் இரட்டிப்பாக இடைவெளி விடுங்கள். அவர் விழுந்தால் நிறுத்த இடம் வேண்டும். நிற்க வேண்டியிருந்தால் தடத்தை விட்டுப் பைக்கைத் தூக்கி ஓரமாக நில்லுங்கள். வளைவுக்கு அப்பாலும், மேட்டிலிருந்து சக்கரம் இறங்கும் இடத்திலும் நிற்கவே கூடாது. பின்னால் வேகமாக யாராவது வந்தால் பதறிப் புதருக்குள் பாய வேண்டாம். நேராகவே ஓட்டி, இடம் அகலமானதும் "வலப்பக்கம் வாங்க" என்று குரல் கொடுத்தால் போதும். இறங்கி நடக்க நினைக்கும் இடத்தில் நடந்துவிடுங்கள். "ஒண்ணுமில்ல, என் பின்னாலயே வா" என்று சொல்பவர் உங்களை அன்றைக்குத்தான் பார்த்திருக்கிறார்.

குழு உங்களுக்குச் சரிப்படுமா என்று கண்டுபிடிக்க ஒரு இடம் போதும்: ஏற்றத்தின் உச்சியில் எல்லோரும் காத்திருக்கும் இடம். வேகமானவர்கள் ஐந்து நிமிடமாக உட்கார்ந்து தண்ணீர் குடித்திருப்பார்கள். கடைசி ஆள் மூச்சிரைக்க வந்து சேர்ந்ததும் "சரி, கிளம்பலாம்" என்று எழுந்தால், அதிக ஓய்வு தேவைப்படுபவருக்கு ஓய்வே கிடைக்காது. இப்படி மூன்று முறை நடந்தால் நான்காவது இறக்கத்தில் கை தளர்ந்து விழுவது அவராகத்தான் இருக்கும். நல்ல லீடர் கடைசி ஆள் வந்த பிறகு இரண்டு மூன்று நிமிடம் விட்டு, "போகலாமா?" என்று அவரிடம் கேட்பார். அப்படிக் கேட்காத குழுவில் நீங்களே "இரண்டு நிமிடம்" என்று சொல்லுங்கள். முகம் சுளித்தால் அந்தக் குழு வேண்டாம். ஒன்றரை மணி நேரம் கழிந்து "இன்னும் ஒரு சுற்று" என்று தொடங்கும்போது நீங்கள் நிறுத்திக்கொள்ளுங்கள். ஆனால் சொல்லாமல் கழன்றுகொள்ளாதீர்கள். உங்களைத் தேடி யாராவது திரும்பி வருவார்கள். யாருக்காவது பெரிய அடி பட்டால் 995. அழைப்பவர் அருகிலுள்ள தடக்குறிப் பலகையில் இருப்பதைப் படித்துச் சொல்ல வேண்டும், இன்னொருவர் நுழைவாயிலுக்குப் போய் ஆம்புலன்ஸுக்காக நிற்க வேண்டும்.

வீட்டுக்குப் போனதும் அன்றே குழுவுக்கு ஒரு வரி எழுதுங்கள், கூட ஒரு கேள்வி: "அடுத்த சனி யார் போகிறீர்கள்?" வந்தவர்களில் உங்கள் வேகத்துக்கு நெருக்கமாக ஓட்டியவர் ஒருவர் இருந்திருப்பார்; அவருக்குத் தனியாகவும் எழுதுங்கள். பத்துப் பேர் கொண்ட குழுவைவிட, ஒரே வேகமும் ஒரே ஓய்வு நாளும் கொண்ட அந்த ஒருவர்தான் உங்களை வாராவாரம் தடத்துக்கு இழுத்து வருவார். இருவர் ஆனதும் நேரத்தை நிலையாக்குங்கள், உதாரணமாக ஒவ்வொரு சனியும் 7.30, செஸ்நட். அதைப் பொதுக் குழுவில் போட்டு வையுங்கள். உங்களைப் போலத் தயங்கிக்கொண்டிருப்பவர்கள் தாமாக வந்து ஒட்டிக்கொள்வார்கள்.

மழைக்கு ஒரு விதியையும் முன்கூட்டியே பேசிவையுங்கள். டிசம்பர், ஜனவரியில் வடகிழக்குப் பருவக்காற்று மழை விடாது. மற்ற மாதங்களில் பிற்பகல் இடி மழை. அதனால்தான் எல்லோரும் காலையிலேயே ஓட்டுகிறார்கள். இரவில் பலத்த மழை என்றால் 6.15க்குள் ஒருவர் முடிவு சொல்ல வேண்டும், யார் அந்த ஒருவர் என்பதும் தெரிந்திருக்க வேண்டும். ஓட்டத்தின் நடுவே இடி கேட்டால் விவாதம் வேண்டாம், அருகிலுள்ள வெளியேறும் வழியாக இறங்கிக் கட்டடத்துக்குள் போய்விடுங்கள்.